கையில் நம்பர் இல்லாமல் வெளியே வருகிறவர்: ஒரு நிகழ்வு ஆய்வு

2009இல் ஆயுள் தண்டனை பெற்று பாளையங்கோட்டை மத்திய சிறைக்குப் போனவர், 2025 கடைசியில் முன்விடுதலை பெற்று வெளியே வருகிறார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. எட்டாம் வகுப்பு படிப்பு, தமிழ் நன்றாக வாசிப்பார், ஆங்கிலத்தில் எண்களும் தன் பெயரும் மட்டும். உள்ளே தறியில் வேலை பார்த்தவர். இந்த ஆய்வில் வரும் ஆள் தனி ஒருவர் அல்ல. தென்மாவட்டக் கிராமங்களுக்குத் திரும்பும் நீண்டகாலச் சிறைவாசிகளிடம் பொதுவாகக் காணப்படும் நிலைமைகளை ஓர் ஆளின் மேல் வைத்துப் பார்க்கிறோம். விதிகளும் கட்டணங்களும் அவர் வெளிவரும் நேரத்தில் உள்ளவை.

அவர் உள்ளே இருந்த காலத்தில் வெளியே என்ன நடந்தது என்று வரிசையாகப் பார்த்தால்தான் பிரச்சினையின் அளவு தெரியும். 2010 செப்டம்பரில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. 2016இல் மூன்று மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன: ஏப்ரலில் யு.பி.ஐ., செப்டம்பரில் ஜியோ, நவம்பர் 8 இரவு பழைய 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாமல் போனது. 2017இல் தமிழ்நாட்டில் ரேஷன் புத்தகம் போய் ஸ்மார்ட் கார்டு வந்தது. இதில் எதையும் அவர் கையால் தொட்டதில்லை. அவருடைய கடைசி போன் ஒல்லியான பின் சார்ஜர் போட்ட நோக்கியா. அதில் "லைஃப்டைம்" என்று ஒருமுறை பணம் கட்டிவிட்டால் இன்கமிங் நிற்காது. இன்று 28 நாள் பிளான் முடிந்து சில நாளில் இன்கமிங்கும் நின்றுவிடும் என்பதை வெளியே வருகிற யாரும் தானாக ஊகிக்க மாட்டார்கள். வேலைக்குக் கூப்பிடுவதாகச் சொன்ன மேஸ்திரி கூப்பிட்டிருப்பார், போன் அடித்திருக்காது.

பொதுவாக இதை "போன் பழகாத பிரச்சினை" என்று எடுத்துக்கொண்டு, யாராவது ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்து வாட்ஸ்அப் போட்டுக் கொடுப்பார்கள். நல்ல மனசுதான், ஆனால் சிக்கல் அங்கே இல்லை. தன் பெயரில் ஒரு சிம், அந்த எண் சேர்ந்த ஆதார், அந்த இரண்டும் சேர்ந்த வங்கிக் கணக்கு: இந்த மூன்றும் இந்த வரிசையில் அமைந்தால்தான் மற்ற எல்லாம் நடக்கும். வரிசை தவறினால் ஒவ்வொரு கவுன்ட்டரும் அடுத்த கவுன்ட்டரைக் கைகாட்டும். வங்கியில் "ஆதாரில் நம்பர் சேர்த்துட்டு வாங்க" என்பார்கள். இ-சேவை மையத்தில் "அண்ணாச்சி, ஓ.டி.பி. எந்த நம்பருக்குப் போயிருக்கு பாருங்க" என்பார்கள். அண்ணாச்சியிடம் எந்த நம்பரும் இருக்காது.

முதல் முட்டுக்கட்டை பெரும்பாலும் ஆதாரில்தான், சிம் வாங்கவே ஆதார் எண் கேட்பார்கள். நமது ஆள் 2013இல் பரோலில் ஊருக்கு வந்தபோது, பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில் கைரேகையும் கருவிழியும் பதிந்திருக்கிறார். தமிழ்நாட்டில் அப்போது மக்கள்தொகைப் பதிவேட்டு முகாம்கள் வழியாகத்தான் ஆதார் பதிவு பரவலாக நடந்தது. ஒப்புகைச் சீட்டு தொலைந்துவிட்டது. மொபைல் எண்ணாக மச்சானின் நம்பரைக் கொடுத்திருந்தார். பன்னிரண்டு வருடம் கழித்து இது அவர் நினைவில் இல்லை. "எனக்கு ஆதார் இல்லை" என்று சொல்கிறார், கேட்பவரும் நம்பிப் புதுப் பதிவுக்கு அனுப்பிவிடுகிறார். பெரியவர்களின் புதுப் பதிவு மாநில அரசின் சரிபார்ப்புக்குப் போகும், 180 நாள் வரை ஆகலாம். காத்திருந்தும், இந்தக் கைரேகை ஏற்கெனவே பதிவில் உள்ளது என்று விண்ணப்பம் நிராகரிக்கப்படும். ஆகவே புதுப் பதிவுக்கு முன், நிரந்தர ஆதார் மையத்தில் கைரேகையை வைத்துப் பழைய எண்ணைத் தேடச் சொல்ல வேண்டும். 1947 உதவி எண்ணிலும் கேட்கலாம். பெயர், பிறந்த தேதி, பின்கோடு பதிவில் இருப்பதுபோலவே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பரோலிலோ உள்ளே நடந்த முகாமிலோ எப்போதாவது கண்ணைக் கருவிக்குக் காட்டியதுண்டா என்று கேட்டால் நினைவு வந்துவிடுகிறது. "ஆதார் எடுத்தீங்களா" என்ற கேள்விக்கு இல்லை என்று சொன்னவரே, "கண்ணைப் படம் பிடிச்சாங்களா" என்றால் ஆமாம் என்பார்.

உண்மையிலேயே ஆதார் இல்லாதவர்களுக்கு வேலையை உள்ளே இருக்கும்போதே முடிக்க வழி இருக்கிறது. சிறைகளின் இ-பிரிசன்ஸ் மென்பொருளில் எடுக்கப்படும், அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள கைதி சேர்க்கை ஆவணத்தை ஆதார் பதிவுக்கான சான்றாக ஏற்கிறார்கள். விடுதலைக்கு ஆறு மாதம் முன்பே இதைத் தொடங்க வேண்டும், ஏனென்றால் 180 நாள் என்பது அதுதான். முன்விடுதலைப் பரிந்துரை போகும்போதே ஆதார் வேலையும் தொடங்கினால் சரியாக இருக்கும். விடுதலை ஆணை வந்த பிறகு தொடங்கினால், அந்த ஆறு மாதத்தையும் மனிதர் வெளியே வெறுங்கையோடு கழிக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது பெயர். சிறைப் பதிவேட்டில் தகப்பன் பெயரோடு ஒரு மாதிரி, பழைய வங்கிப் புத்தகத்தில் இனிஷியலோடு வேறு மாதிரி, ஆதாரில் ஆங்கில எழுத்துக்கூட்டலில் இன்னொரு மாதிரி. சுடலைமுத்து போன்ற பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். மனிதக் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான், கணினிக்கு நாலு ஆள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற முடியும். எனவே எந்தத் தாளை அடிப்படையாக வைப்பது என்று உட்கார்ந்து முடிவு செய்யாமல் திருத்தத்துக்குப் போகக் கூடாது. பள்ளி மாற்றுச் சான்றிதழ் இருந்தால் அதையே அடிப்படையாக வையுங்கள். சிறைப் பதிவேட்டில் உள்ள வயது பல நேரம் கைதான அன்று குத்துமதிப்பாகச் சொன்னது, அதைப் பிறந்த தேதியாக்கிவிட்டால் நாளைக்கு முதியோர் உதவித்தொகை வரை தொல்லை தொடரும்.

இனி சிம். 2024 ஜனவரி 1 முதல் தாள் விண்ணப்பத்தில் சிம் வாங்கும் முறை ஒழிந்தது. கடைகளில் பெரும்பாலும் ஆதார் எண்ணும் கைரேகையும்தான் கேட்கிறார்கள். தறி, கொத்து வேலை, சுண்ணாம்பு என்று வருடக்கணக்கில் உழைத்த விரலில் ரேகை தேய்ந்திருக்கும், கருவி "பொருந்தவில்லை" என்று திருப்பித் திருப்பிச் சொல்லும். கடைக்காரர் வலது பெருவிரலை மட்டும் நாலு முறை அழுத்திப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார். பத்து விரலையும் முயல வேண்டும். மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் தேய்மானம் குறைவு. விரலை ஈரத்துணியால் துடைத்து, அரை நிமிடம் விட்டு, கண்ணாடியில் தட்டையாகப் பதிய வைக்கச் சொல்லுங்கள். அப்போதும் ஆகாவிட்டால் முதலில் ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பிக்க வேண்டும். கைரேகை, கருவிழி, படம் புதுப்பிக்க 2025 அக்டோபர் முதல் 125 ரூபாய். மொபைல் எண், முகவரி மட்டும் மாற்ற 75 ரூபாய். இரண்டும் தேவையென்றால் ஒரே வருகையில் செய்யச் சொல்லுங்கள், கைரேகைப் புதுப்பிப்போடு சேர்த்துச் செய்யும் முகவரி, எண் மாற்றத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை. மையத்துக்குப் போக முடியாதவர்கள் மொபைல் எண் சேர்ப்பதை மட்டும் அஞ்சல்காரர் வழியாக, இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியின் சேவையில் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

குடையின் கீழ் மேசை போட்டு விற்கும் இடத்தில் சிம் வாங்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. கைரேகை சரியாக விழவில்லை என்று இரண்டு மூன்று முறை வைக்கச் சொல்லி, அந்தக் கைரேகையிலேயே இன்னொரு சிம்மையும் எடுத்துவிடும் மோசடி அங்கேதான் எளிதாக நடக்கும். நிறுவனத்தின் நேரடிக் கடைக்கே போங்கள். சிம் ஓடத் தொடங்கிய அன்றே மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் தன் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். உள்ளே இருந்த வருடங்களில் அவருடைய அடையாள அட்டை நகலை வைத்து யாரோ எடுத்த எண் அதில் தெரிந்தால், "என் எண் அல்ல" என்று அங்கேயே புகார் பதியலாம். முன்விடுதலை நிபந்தனைக்குட்பட்டது. தன் பெயரில் ஓடும் ஒரு தெரியாத சிம்மில் இருந்து எவனோ மோசடி செய்தால், போலீஸ் முதலில் தேடி வருவது இவர் வாசலுக்குத்தான்.

போன் விஷயத்திலும் இதே கவனம் தேவை. பணமில்லாமல் செகண்ட்ஹேண்ட் வாங்குவது இயல்பு. ஆனால் திருட்டு போன் கையில் இருப்பது மற்றவர்களுக்குப் பணநஷ்டம், இவருக்கு மறுபடி ஸ்டேஷன். பணம் கொடுப்பதற்கு முன் *#06# அழுத்தி வரும் பதினைந்து இலக்க எண்ணை எழுதிக்கொண்டு, கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, அந்த எண் என்று 14422க்கு குறுஞ்செய்தி அனுப்பினால், அது தடை செய்யப்பட்ட போனா என்று பதில் வரும். பில் வாங்கி மடித்து ஆதார் நகலோடு வைக்க வேண்டும். பில் தராத கடையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

குறுகிய காலம், அதாவது சில வாரமோ இரண்டு மாதமோ விசாரணைக் கைதியாக இருந்து ஜாமீனில் வருகிறவர்களுக்குக் கதை வேறு. இந்தியச் சிறைகளில் நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள்தான். அவர்களுடைய போன் வழக்குச் சொத்தாகக் காவல் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ கிடக்கும், சிம் அதற்குள் இருக்கும். ஒரு எண் 90 நாள் தொடர்ந்து பயன்பாட்டில் இல்லாவிட்டால் நிறுவனம் அதை முடக்கி, சில காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். பிறகு வங்கி ஓ.டி.பி. அந்தப் புது ஆளுக்குப் போகும். இதனால் வெளியே வந்த முதல் வாரத்திலேயே, காவல் நிலையத்தில் உள்ள போனுக்காகக் காத்திருக்காமல், அதே எண்ணுக்கு டூப்ளிகேட் சிம் வாங்கிவிட வேண்டும். எண் உயிரோடு இருந்தால் ஆதார், வங்கி, யு.பி.ஐ. எல்லாம் பழையபடி ஓடும்.

நமது ஆளுக்குத் திரும்புவோம். சிம் வந்தது, ஆதாரில் எண் ஏறியது. இப்போது வங்கி. உள்ளே போகும் முன் ஒரு பொதுத்துறை வங்கியில் அவருக்குக் கணக்கு இருந்தது, கொஞ்சம் பணமும் இருந்தது. இரண்டு வருடம் வாடிக்கையாளர் தரப்பில் வரவு செலவு இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும். பத்து வருடம் தாண்டினால் அந்தத் தொகை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடும். போனது போனதுதான் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை, பணம் அவருடையதுதான், எப்போது கேட்டாலும் வங்கி வட்டியோடு திருப்பித் தர வேண்டும். எந்த வங்கி என்று மறந்திருந்தால் 2023இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் தளத்தில் பெயரை வைத்துத் தேடலாம். செயலற்ற கணக்கை மறுபடி உயிர்ப்பிக்கக் கட்டணம் கேட்கக் கூடாது என்பதும் விதி.

பழைய கணக்கு மீளும்வரை காத்திருக்காமல் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்குவது நல்லது. பெயர் அச்சிடாத டெபிட் கார்டைக் கையோடு தரும் கிளையாகப் பாருங்கள். பெயர் அச்சிட்ட கார்டு தபாலில் வரும். முகவரியோ இவர் போகும் முன் இருந்த வீடு, வீடு இப்போது இடிந்து கிடக்கும். கார்டு திரும்பிப் போய்விடும், யு.பி.ஐ. பின் (ரகசிய எண்) போட முடியாது. கார்டு இல்லாமல் ஆதார் ஓ.டி.பி. வழியாகவும் பின் போடலாம், ஆனால் அதற்கு ஆதாரிலும் வங்கியிலும் ஒரே மொபைல் எண் இருக்க வேண்டும். மச்சான் நம்பர் ஏதாவது ஒரு இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் இது நடக்காது.

யு.பி.ஐ. செயலியைப் பதியும்போது போனிலிருந்து ஒரு குறுஞ்செய்தி தானாகப் போகும். அது போக சிம்மில் எஸ்.எம்.எஸ். வசதி உள்ள பிளான் வேண்டும். மலிவான டேட்டா மட்டும் உள்ள பேக் போட்டிருந்தால் "சரிபார்க்க முடியவில்லை" என்றே வந்துகொண்டிருக்கும், காரணம் எங்கேயும் சொல்லாது. இரண்டு சிம் போனில் தவறான சிம் தேர்வாகியிருப்பதும் இதே பிழையைத் தரும். பதிந்த முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது, இது கோளாறு இல்லை. செயலி ஓடத் தொடங்கியதும் பத்து ரூபாய் அனுப்பி, பத்து ரூபாய் வாங்கிப் பார்க்க வேண்டும். பணம் வாங்க பின் போட வேண்டியதே இல்லை, பின் போட்டால் கையை விட்டுப் பணம் போகிறது என்று பொருள். இதை விளக்கிச் சொல்வதைவிட அந்தப் பத்து ரூபாய் வரும்போது திரை பின் கேட்கவில்லை என்பதைக் காட்டுவது நிற்கும்.

கற்றுக்கொடுப்பதில் கவனிக்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். தொடுதிரையை இவர்கள் பட்டனைப் போல அழுத்துவார்கள். விரல் அரை நொடி அதிகம் நின்றால் போன் அதை நீண்ட அழுத்தமாக எடுத்துக்கொண்டு செயலியை நீக்கவா, நகர்த்தவா என்று கேட்கும். பயந்து எதையாவது தொட, வாட்ஸ்அப் காணாமல் போகும். ஆண்ட்ராய்டு அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போய், தொட்டுப் பிடிக்கும் நேரத்தை "நீண்டது" என்று மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை பாதி தீரும். காய்ந்து காப்புக் காய்ச்சிய விரலைத் திரை பல நேரம் உணராது, தடித்த கண்ணாடி ஒட்டியிருந்தால் இன்னும் மோசம். அதை உரித்து எடுத்துவிடலாம். மொழியைத் தமிழாக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, முகப்பில் அழைப்பு, குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், யு.பி.ஐ., கேமரா ஆகிய ஐந்தை மட்டும் வையுங்கள். வரும் அழைப்பை மேலே தள்ளி எடுப்பதா பக்கவாட்டில் தள்ளுவதா என்பது போனுக்குப் போன் மாறும், முதல் நாள் இருபது முறை கூப்பிட்டு எடுக்கச் சொல்லிப் பழக்க வேண்டும். தட்டச்சு வேண்டாம், குரல் செய்தியே போதும்.

கற்றுக்கொடுப்பவர் போனைத் தன் கையில் வாங்கக் கூடாது. வீட்டில் பேரன்தான் வாத்தியார், "குடுங்க தாத்தா" என்று பிடுங்கி மூன்று நொடியில் முடித்துக் கொடுத்துவிடுவான். தாத்தா ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டார். தறிக்கூடத்தில் பத்துப் பேருக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் வீட்டில் சின்னப் பையனிடம் திரும்பத் திரும்பக் கேட்கக் கூச்சப்படுவார் என்பதை வீட்டார் புரிந்துகொண்டால் நல்லது. மற்றபடி தனியாக உட்கார்ந்து, ஒரு நாளைக்கு ஒரு வேலை என்று பழகினால் போதும்.

உள்ளே நடக்கும் கணினி வகுப்புகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவற்றை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை, இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாகப் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இணையமில்லாத மேசைக் கணினியில் தட்டச்சு பழகியவர் வெளியே முதல் நாள் சந்திப்பது ஓ.டி.பி., கியூஆர், பிளான் தேதி. மொபைல் சிறைக்குள் தடை செய்யப்பட்ட பொருள் என்பதால் செய்முறையே முடியாது என்று விட்டுவிடுகிறார்கள். திரைகளைப் பெரிய அட்டையில் அச்சிட்டு, குறுஞ்செய்தி வருவது, ஆறு இலக்கத்தைப் பார்ப்பது, வேறு இடத்தில் எழுதுவது என்று நடத்திக்காட்டலாம். சிம் இல்லாத, வைஃபை இல்லாத ஒரு போனை அதிகாரி முன்னிலையில் வகுப்பு நேரத்துக்கு மட்டும் கொண்டுவர அனுமதி கேட்கலாம். விடுதலைக்கு முந்தைய கடைசி மாதத்தில் இப்படிச் சில வகுப்பு நடந்தாலே வெளியே முதல் வாரம் இலகுவாகிவிடும்.

இ-சேவை மையங்கள் இல்லாமல் இந்த வேலைகள் நடக்காது, ஆனாலும் அங்கே ஒரு பழக்கம் கெடுதல். வந்தவரிடம் நம்பர் இல்லையென்றால் மையத்தில் இருப்பவர் உதவியாக நினைத்துத் தன் எண்ணையே படிவத்தில் போட்டுவிடுவார், கடவுச்சொல்லைத் தன் நோட்டில் எழுதிக்கொள்வார். அன்றைக்கு வேலை முடியும். பிறகு ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் அந்த மையத்துக்கே போக வேண்டியிருக்கும், அவர் கடையை மூடிவிட்டால் அந்தக் கணக்கே போச்சு. "அண்ணே, என் நம்பரையே போடுங்க" என்று சொல்லப் பழக வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதும், கார்டில் உள்ள எல்லோரும் கைரேகை வைத்து உறுதிசெய்வதும் இதே வாரத்தில் முடிய வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் நீங்கியிருந்தால் படிவம் 6 கொடுத்துச் சேர்க்க வேண்டும்.

இனி வேலை. ஆலை வேலைக்குச் சேர்ந்தால் வருங்கால வைப்பு நிதி எண் எடுக்க 2025 ஆகஸ்ட் முதல் மத்திய அரசின் உமாங் செயலியில் முகத்தைக் காட்ட வேண்டும், ஆதாரில் உள்ள படம் 2013இல் எடுத்ததாக இருந்தால் பொருந்தாமல் போகலாம். கைரேகையைப் புதுப்பிக்கும்போதே படத்தையும் புதுப்பித்தவருக்கு இந்தச் சிக்கல் வராது.

ஆபத்து வருவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான், எல்லாம் சரியாகி கணக்கில் பணம் வரத் தொடங்கிய பிறகு. உள்ளே பழக்கமான யாரோ வந்து, "உன் கணக்கில் ஒரு பணம் வரும், எடுத்துக் குடு, நூற்றுக்கு இத்தனை உனக்கு" என்பார். அல்லது கார்டையும் சிம்மையும் மாத வாடகைக்குக் கேட்பார். சைபர் மோசடிப் பணம் கைமாறும் வழி இதுதான். புகார் பதிவானதும் முடக்கப்படுவது இவருடைய கணக்கு, வழக்கில் முதல் பெயர் இவருடையது. வேலை கிடைக்காமல் இருப்பவரிடம், புதுக் கணக்கு வைத்திருப்பவரிடம், போன் விவரம் தெரியாதவரிடம்தான் இப்படி வருவார்கள், விடுதலையானவரிடம் இந்த மூன்றும் சேர்ந்திருக்கிறது. இதை விடுதலைக்கு முன்பே, நன்னடத்தை அலுவலரே நேரில் உட்கார்ந்து, பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர் தாமதிக்காமல் வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து, தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச எண் 15100இல் சட்ட உதவி கேட்க வேண்டும். தன் பணமே பறிபோனால் சைபர் குற்ற உதவி எண் 1930, முதல் ஒரு மணி நேரத்துக்குள் கூப்பிட்டால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம்.

விடுதலை நாளில் கையில் கொடுக்கப்படும் உறையில் இப்போது விடுதலைச் சான்றும் வழிச்செலவும் இருக்கின்றன. அதோடு ஆதார் எண்ணின் அச்சு, இ-பிரிசன்ஸ் ஆவணத்தின் நகல், பள்ளிச் சான்றுப்படி திருத்திய பெயரை ஆங்கில எழுத்துக்கூட்டலோடு எழுதிய ஒரு சீட்டு, ஊருக்கு அருகில் உள்ள நிரந்தர ஆதார் மையத்தின் முகவரி, நன்னடத்தை அலுவலரின் எண் ஆகியவை சேர வேண்டும். பெயர்ச் சீட்டில் சிறைக் கண்காணிப்பாளரின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தால், வங்கியில் எழுத்துப் பிசகைக் காட்டித் திருப்பி அனுப்பும்போது மேலாளர் முன் வைத்துப் பேச ஒரு தாள் இருக்கும்.